ஏரி போட்ட அட்டவணை

உத்திரமேரூரில் நான் வளர்ந்த எண்பதுகளில், எந்த மாதம் எந்த விளையாட்டு என்பதை ஏரிதான் முடிவு செய்தது. கல்வெட்டுகளில் வயிரமேகத் தடாகம் என்று வரும் பல்லவர் காலத்து ஏரி. எங்களுக்கு வெறுமனே ஏரி. ஐப்பசியில் அடைமழை பிடித்துக்கொண்டால் தெருவில் கால் வைக்க முடியாது. திண்ணையில் தாயம், பல்லாங்குழி. ஆயாவின் பலகையில் புளியங்கொட்டை போட்டு ஆடுவோம். எண்ணாமலே குழியில் எத்தனை முத்து கிடக்கிறது என்று ஆயா சொல்லிவிடுவாள். பார்த்துப் பார்த்து எங்களுக்கும் அந்தக் கண் வந்தது. கார்த்திகையில் ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தால் ஊரே கிளம்பிப் போய்ப் பார்க்கும். பெரியவர்களுக்கு அந்த வருஷத்து நெல் உறுதியான நிம்மதி. எங்களுக்கு, கழனிக் கிணறெல்லாம் மேல்படி வரை ததும்பும் என்ற சந்தோஷம். ஏரியில் இறங்கினால் முதுகுத் தோல் உரியும் என்பது எல்லா வீட்டிலும் சட்டம்; கிணற்றுக்கு மட்டும் அனுமதி உண்டு. பெரியப்பா என் இடுப்பில் தாம்புக்கயிறு கட்டித் தூக்கிப் போட்டார். கத்தினேன், தண்ணீர் குடித்தேன், கையைக் காலை அடித்தேன். பொங்கலுக்குள் கயிறு தேவைப்படவில்லை. அதன்பின் கிணற்றடியில் போட்ட காசை மூழ்கி எடுப்பது எங்கள் பந்தயமாகிவிட்டது.

தையில் சம்பா அறுப்பு முடிந்ததும் கழனி எங்கள் கைக்கு வரும். நவரைக்குத் தண்ணீர் பாய்ச்சாத மேட்டுக் கழனியாகப் பார்த்து, அறுத்த தாளின் அடிக்கட்டை காலில் குத்தாமலிருக்க மண்வெட்டியால் செதுக்கி, கட்டிகளை உடைத்து, மேலே தண்ணீர் தெளித்து மிதிப்போம். கோடு போடச் சுண்ணாம்புக்கு யாரிடமும் காசு இல்லை. ரைஸ்மில் பின்பக்கம் மலையாகக் கொட்டிக் கிடக்கும் உமிச்சாம்பலைக் கோணியில் அள்ளி வருவோம். கறுப்பும் சாம்பலுமாக நீளக் கோடு, நடுக்கோடு, அந்தக் கோட்டின் இரண்டு பக்கமும் சடுகுடு. பாடிப் போனவனை மடக்கிப் பிடித்து எல்லாரும் மேலே விழும்போது கோடு உடம்பில் ஒட்டிக்கொள்ளும். வேர்வையில் ஊறிய உமிச்சாம்பல் லேசில் போகாது. எத்தனை முறை பிடிபட்டோம் என்பதை அம்மா சட்டையைப் பார்த்தே சொல்லிவிடுவாள். ஆட்டத்தில் தம் நின்றது யாருக்கு என்று பார்த்தால், மார்கழி முழுக்கக் கிணற்றில் மூழ்கிக் காசு எடுத்த பிள்ளைகளுக்குத்தான். அப்போது அதை யாரும் கவனித்துச் சொல்லவில்லை. இப்போது நினைத்துப் பார்க்கையில் அந்த முகங்கள் வரிசையாக வருகின்றன. இரண்டு இடத்திலும் அதே முகங்கள்.

மாசி, பங்குனி கோலிக்கும் பம்பரத்துக்கும் கில்லிக்கும். சித்திரை பிறந்தால் ஏரி உள்வாய் காய்ந்துவிடும். கண்ணுக்கெட்டிய தூரம் வரை களிமண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். கிரிக்கெட் அங்கேதான். வெடிப்பின் விளிம்பில் பட்ட பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று போட்டவனுக்கே தெரியாது. கடைசி நொடி வரை பந்தின்மேல் கண் வைத்தால்தான் பல் தப்பும். சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் வாலிபால். இரண்டு சவுக்குக் கழி நட்டு, மீன் குத்தகைக்காரர் கிழிந்ததென்று தூக்கிப் போட்ட வலையை மடித்துக் கட்டியிருப்போம். கெளுத்தி முள் சிக்கிக்கொண்டிருக்கும் அந்த வலையில் கை பட்டால் கீறிவிடும் என்பதால், வலையைத் தொடாமல் எம்பி அடிக்கத் தானாகவே கற்றுக்கொண்டோம். ஆடி வந்தால் காற்றாடி. அறுந்த காற்றாடிக்குப் பின்னால் ஏரிக்கரை மேல் ஓடுவதுதான் எங்கள் ஊரின் ஓட்டப் பயிற்சி.

இதெல்லாம் யாரும் திட்டம் போட்டுச் செய்ததல்ல. விவசாயம் இடத்தைக் கொடுத்தது, பிறகு எடுத்துக்கொண்டது. நாங்கள் விளையாட்டை மாற்றிக்கொண்டோம். ஒரு விளையாட்டில் தேய்ந்த மூட்டு அடுத்த விளையாட்டில் ஓய்வெடுத்தது. ஒன்று சலிப்புத் தட்டும் நேரத்தில் அதற்கான இடமே போய்விடும். மறு வருஷம் அது திரும்பி வரும்போது புதுசாக இருக்கும்.

பள்ளிக்கூடத்துக்கு வந்த பி.டி. சார் காஞ்சிபுரத்திலிருந்து பஸ்ஸில் வருவார். விளையாட்டுச் சாமான் அறையில் இருந்தது என்ன? செருப்புத் தைப்பவரிடம் கொடுத்துத் தைத்த ஒரு வாலிபால், ஒரு இரும்புக் குண்டு, முனையில் பூண் போட்ட ஒரு மூங்கில் ஈட்டி, இரண்டு வளையம். நாற்பது ஐம்பது பிள்ளைகளுக்கு இவ்வளவுதான். ஆகவே முறை வைத்து எல்லாவற்றையும் எல்லாரும் தொட்டோம். குறுவட்டப் போட்டிக்குப் பெயர் எழுதும்போது சார் புத்தகத்தைப் பார்க்கமாட்டார், பிள்ளைகளைப் பார்ப்பார். மானாம்பதிப் பக்கத்திலிருந்து வந்த, ஆடு மேய்க்கும் வீட்டுப் பையன் ஒருவன், ஓடும் ஆட்டுக்கு முன்னால் கல் விழும்படி வீசுவான்; ஆட்டின்மேல் ஒருநாளும் படாது. அவன் கையில் ஈட்டியைக் கொடுத்தது சார்தான். எங்களில் துடிப்பானவன் ஒருவன் வாலிபால் மட்டும்தான் ஆடுவேன் என்று அடம்பிடித்தபோது, சார் சொன்ன வார்த்தை எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. "எட்டாவது வரைக்கும் எல்லாத்தையும் ஆடுடா. உன் உடம்பு எதுக்குன்னு அதுவே சொல்லும். ஒன்பதாவதுல வா, உக்காந்து பேசலாம்."

பெண் பிள்ளைகள் கோ-கோவும் எறிபந்தும் வளையப்பந்தும் ஆடினார்கள். என் அக்கா மூன்றிலும் கெட்டி. எட்டாவது முடிக்கும் முன்பே தாவணி போட்டு வீட்டோடு நிறுத்திவிட்டார்கள். ஒன்றா, பலவா என்று அவளிடம் கேட்க ஆளே இல்லை. கோ-கோவில் உட்கார்ந்த இடத்திலிருந்து அவள் எழும்பிப் பாயும் வேகம், அதன்பின் நான் மாவட்டப் போட்டிகளில்கூட அதிகம் பார்க்காதது.

எங்கள் தாத்தாவுக்கு விளையாட்டு என்றால் எம்.ஜே. கோபாலன். "நம்ம ஜில்லாக்காரருடா" என்றுதான் ஆரம்பிப்பார். உண்மைதான். அப்போது உத்திரமேரூர் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. காஞ்சிபுரம் மாவட்டம் என்று பிரிந்தது 1997-இல்தான். கோபாலன் பிறந்த மொறப்பாக்கம் அதே செங்கல்பட்டு ஜில்லா. 1909-இல் பிறந்து, திருவல்லிக்கேணியில் வளர்ந்து, வேகப்பந்து வீச்சாளராகவும் ஹாக்கி ஆட்டக்காரராகவும் ஒரே சமயத்தில் பெயர் எடுத்தவர். 1934 ஜனவரியில் கல்கத்தாவில் ஜார்டினின் இங்கிலாந்துக்கு எதிராக டெஸ்ட் ஆடினார். அதே வருஷம் நவம்பரில் ரஞ்சிக் கோப்பை தொடங்கியபோது, சேப்பாக்கத்தில் மைசூருக்கு எதிராக அந்தப் போட்டியின் முதல் பந்தை வீசியவர் அவர்தான். அடுத்த வருஷம், 1935-இல், தியான் சந்துடன் இந்திய ஹாக்கி அணியில் நியூசிலாந்து போய் வந்தார். தாத்தா இதைச் சொல்லும்போது வெற்றிலை மெல்லுவதை நிறுத்திவிடுவார்.

பிறகு 1936. பெர்லின் ஒலிம்பிக்குக்கான ஹாக்கித் தேர்வும், கிரிக்கெட் அணியின் இங்கிலாந்துப் பயணமும் ஒரே சமயத்தில் வந்தன. கோபாலன் கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார். இங்கிலாந்தில் அந்தத் தொடரின் ஒரு டெஸ்டில்கூட அவரைச் சேர்க்கவில்லை. ஹாக்கி அணியோ ஆகஸ்ட் 15 அன்று பெர்லினில் ஜெர்மனியை 8-1 என்று தோற்கடித்துத் தங்கத்தோடு திரும்பியது.

இந்தக் கதையைப் பலரும் ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் வைக்காதே என்ற எச்சரிக்கையாகச் சொல்கிறார்கள். தாத்தா அப்படிச் சொல்லவில்லை, எனக்கும் அப்படிப் படவில்லை. கோபாலன் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டி வந்தபோது அவருக்கு வயது இருபத்தேழை நெருங்கியிருந்தது. அந்த வயது வரை இரண்டும் அவரை இந்திய அணிவரை கொண்டுபோய் நிறுத்தின. ஹாக்கி ஆடியதால் அவருடைய பந்துவீச்சு கெட்டுப்போகவில்லை. இழந்தது ஒரு பதக்கம். அது தேதிகள் மோதிக்கொண்டதால் வந்த இழப்பு. பின்னாளில் சென்னைக்கும் இலங்கைக்கும் நடந்த வருடாந்தர ஆட்டத்துக்கு அவர் பெயரில்தான் கோப்பை வைத்தார்கள்.

என் பெரியப்பாவின் இளைய மகனைப் பற்றி எழுதாமல் இதை முடிக்க முடியாது. என்னைவிடப் பெரியவர், நாங்கள் சின்ன அண்ணன் என்போம். கிணற்றின் இந்தச் சுவரிலிருந்து எம்பினால் நடுக்கிணற்றைத் தாண்டி விழுவார். சடுகுடுவில் அவரைப் பிடிக்க மூன்று பேராவது வேண்டும். பி.டி. சாரின் பட்டியலில் நீளம் தாண்டுதலில் முதல் பெயர் அவருடையது. வாலிபாலிலும் ஓட்டத்திலும் அந்தப் பெயர் இருக்கும். ஆறாவதோ ஏழாவதோ படிக்கும்போது ஒரு போட்டியில் வெளியூர்ப் பயிற்சியாளர் ஒருவர் பார்த்துவிட்டு வீட்டுக்கே வந்தார். "இந்தப் பையனை என்கிட்ட விடுங்க, ஸ்டேட் பிளேயர் ஆக்கிக் காட்டறேன்" என்றார். பெரியப்பாவுக்குக் கழனி கொஞ்சம், கடன் நிறைய. மகன் விளையாட்டில் சர்க்கார் வேலைக்குப் போவான் என்ற நினைப்பே அவருக்குப் பெரிசு. இரும்புப் பெட்டியோடு அண்ணனை பஸ் ஏற்றிவிட்டோம்.

அங்கே காலையும் மாலையும் தாண்டுதல் மட்டும். மழைக்காலம், பரீட்சை, வெயில் எதுவும் கணக்கில்லை. அடுத்த பொங்கலுக்கு வந்தபோது கழனியில் கோடு போட்டுக் காத்திருந்தோம். அண்ணன் வரப்பிலேயே நின்றுவிட்டார். வேறு எதுவும் ஆடக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்களாம். அதற்கடுத்த வருஷம் மாடிப்படி ஏறும்போது அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டதை ஆயாதான் முதலில் கண்டுபிடித்தாள். முழங்கால் சில்லுக்குக் கீழே, நெல்லிக்காய் அளவுக்கு எலும்பு புடைத்திருந்தது. தொட்டால் துடித்தார். அதை மறைத்துத் துணி சுற்றித் தாண்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

எலும்பு டாக்டர் படம் எடுத்துப் பார்த்து விளக்கினார். வளரும் வயதில் தொடைத் தசையின் நாண் வந்து பிடிக்கும் இடத்தில் எலும்பு இன்னும் முற்றியிருக்காது. ஓயாமல் ஓடித் தாண்டினால் நாண் அந்த இளம் எலும்பைத் திரும்பத் திரும்ப இழுக்கும், வீங்கும், வலிக்கும். ஆஸ்குட்-ஷ்லாட்டர் என்று அதற்குப் பெயர் இருப்பதை நான் பிற்பாடு தெரிந்துகொண்டேன். பெரும்பாலும் ஓய்வில் சரியாகிவிடக்கூடியது. அண்ணனுக்கும் வலி போய்விட்டது. ஆனால் அவர் திரும்பிப் போகவில்லை. வாலிபால் வலையை நாங்கள் கட்டினாலும் பக்கத்தில் வரவில்லை. வெகு காலம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் கேட்டேன். "மணலைப் பாத்தாலே வெறுப்பா இருந்துதுடா" என்றார். அதற்குமேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர்களின் அமைப்பு 2016-இல் வெளியிட்ட அறிக்கையை நான் படித்தபோது அண்ணன் முழங்கால்தான் கண் முன்னால் வந்தது. பதினைந்து, பதினாறு வயது வரை ஒரே விளையாட்டு என்று முடங்குவதைத் தள்ளிப்போடுவது நல்லது. வாரத்தில் ஒரு நாளாவது இரண்டு நாளாவது தன் விளையாட்டிலிருந்து விடுப்பு வேண்டும். வருஷத்தில் மொத்தம் மூன்று மாதம், ஒவ்வொரு மாதமாகப் பிரித்து, அந்த விளையாட்டைத் தொடாமல் இருக்க வேண்டும் என்கிறார்கள். சீக்கிரமே ஒன்றில் சிக்கும் பிள்ளைகளுக்குத் தேய்மானக் காயமும் மனச்சோர்வும் அதிகம் என்பது அவர்கள் சொல்லும் காரணம். அந்த மூன்று மாத விடுப்பை எங்களுக்கு அடைமழையும் சம்பாப் பயிரும் கொடுத்திருந்தன.

எல்லாவற்றுக்கும் இது பொருந்தாது என்பதும் எனக்குத் தெரியும். ஜிம்னாஸ்டிக்ஸில் உச்சம் சின்ன வயதிலேயே வந்துவிடுகிறது. அங்கே தாமதிக்க இடம் குறைவு. சதுரங்கத்தில் சென்னைப் பையன் குகேஷ் பதினெட்டு வயதில், 2024 டிசம்பரில், உலக சாம்பியன் ஆனார். ஏழு வயதில் ஆடத் தொடங்கியவர். 2022-இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்தபிறகு எங்கள் பக்கத்துக் கிராமங்களில்கூட பலகை வாங்காத பள்ளிக்கூடம் குறைவு. நல்லதுதான். ஆனால் ஓட்டம், தாவல், வீச்சு, பந்து இவற்றில் அவசரம் வேண்டாம். சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியில் ஐந்து வயதில் பஸ் ஏறி வலது கால் நசுங்கிய மாரியப்பன் பள்ளியில் ஆடியது வாலிபால். அவர் எம்புவதைப் பார்த்த உடற்கல்வி ஆசிரியர்தான் உயரம் தாண்டச் சொன்னார். 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம். அதன்பின் டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம். நம் ஊர்ப் பிள்ளைகள் மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு கொண்டாடும் தோனி, ராஞ்சிப் பள்ளியில் கால்பந்து கோல்கீப்பர். கோல் காக்கும் கையைப் பார்த்துத்தான் கிரிக்கெட் ஆசிரியர் விக்கெட் கீப்பிங்குக்கு இழுத்தார். கால்பந்தே ஆடவிடாமல் வைத்திருந்தால் அந்தக் கை யார் கண்ணில் பட்டிருக்கும்?

இப்போது ஊருக்குப் போனால் காஞ்சிபுரம் சாலையிலும் செங்கல்பட்டுச் சாலையிலும் பயிற்சி மையங்களின் பெயர்ப்பலகைகள் தெரிகின்றன. வலை கட்டிய கிரிக்கெட் தடம், பச்சைத் தரை, மாதக் கட்டணம். கபடிக்குக்கூட மேட் வந்துவிட்டது. உறவில் ஒரு பையன், பதினோரு வயது, வாரத்தில் ஒரு நாள்கூட விடாமல் விடியற்காலையில் வேகப்பந்து வீசப் போகிறான். அவனுக்கு நீந்தத் தெரியாது. மரம் ஏறியதில்லை. வீசும் தோளைத் தேய்த்துக்கொண்டே இட்லி சாப்பிடுகிறான். வளரும் பிள்ளைகள் ஓயாமல் வேகமாக வீசினால் இடுப்பு முதுகெலும்பில் மயிரிழை விரிசல் விடும் என்பது கிரிக்கெட் உலகத்துக்கு நன்றாகத் தெரியும். இங்கிலாந்தில் வயதுக்கு இத்தனை ஓவர்தான் என்று வரம்பே வைத்திருக்கிறார்கள். அந்தப் பையன் ஒரு நாளைக்கு எத்தனை பந்து வீசுகிறான் என்று யாரும் எண்ணுவதாகத் தெரியவில்லை.

பெற்றோரை நான் குறை சொல்லமாட்டேன். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு இடம் இருக்கிறது, கல்லூரியில் இடம் கிடைக்கிறது, போலீசிலும் ரயில்வேயிலும் அணிகள் இருக்கின்றன. நெசவும் கூலியும் சோறு போடும் வீடுகளில் ஒரு சான்றிதழின் எடை வேறு. விளையாட்டு ஆணையத்தின் விடுதிகளுக்கு ஏழாம் வகுப்பிலிருந்தே ஆள் எடுக்கிறார்கள். அங்கே போக ஏதாவது ஒரு விளையாட்டின் பெயரைச் சொல்லித்தான் ஆக வேண்டும். நல்ல சாப்பாடும் படிப்பும் கிடைக்கும் அந்த விடுதியை வேண்டாம் என்று சொல்ல ஏழை வீட்டால் முடியாது, சொல்லவும் கூடாது. என் பெரியப்பாவும் அன்று அப்படித்தான் நினைத்தார்; அவர் நினைத்தது தப்பில்லை. படிவத்தில் ஒரு விளையாட்டின் பெயர் இருக்கட்டும். உள்ளே போன பிள்ளையை வருஷம் முழுக்க அந்த ஒன்றிலேயே அரைக்க வேண்டியதில்லை என்பதுதான் என் வழக்கு.

எங்கள் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழனின் குடவோலைக் கல்வெட்டு இருக்கிறது. பள்ளிக்கூடத்திலிருந்து வரிசையாக அழைத்துப்போய்க் காட்டுவார்கள். 921-ஆம் ஆண்டு வெட்டிய அந்தக் கல்வெட்டின்படி, ஊர் வாரியத்துக்குப் பெயர் எழுதப்பட வேண்டுமானால் முப்பத்தைந்து வயதுக்கு மேலும் எழுபதுக்குக் கீழும் இருக்க வேண்டும். ஏரியைப் பராமரிக்கும் பொறுப்புக்கே ஆள் முதிரட்டும் என்று காத்திருந்த ஊர் இது. தன் உடம்பை எந்த விளையாட்டுக்கு ஒப்புக்கொடுப்பது என்ற தீர்மானத்தை மட்டும் இன்று பதினோரு வயதுப் பிள்ளையிடம் கேட்கிறோம்.

பிள்ளையைப் பயிற்சி மையத்திலோ விடுதியிலோ சேர்த்திருக்கும் தாய் தகப்பன்மார்களுக்கு நான் வைக்கும் வேண்டுகோள் சின்னது. பயிற்சியாளரை நேரில் போய்ப் பாருங்கள். வாரத்துக்கு ஒரு நாள் முழு விடுப்பும், வருஷத்துக்கு மூன்று மாதம் வேறு விளையாட்டும் கேளுங்கள். பந்து வீசும் பிள்ளைக்கு நீச்சல், தாண்டும் பிள்ளைக்கு வாலிபால், கபடிக்காரனுக்கு ஓட்டம், எது கிடைக்கிறதோ அது. முழங்காலோ தோளோ முதுகோ வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால், துணி சுற்றி அனுப்பாமல் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். பெண் பிள்ளை என்றால் எட்டாவதோடு நிறுத்தாதீர்கள். பத்தாம் வகுப்பு முடிந்ததும் எந்த விளையாட்டு என்று அவர்களையே கேளுங்கள்.